எப்போது பகடை உருட்டச் சொல்வது, எப்போது வேண்டாம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை, அதாவது ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை ஆட்டத்தை, நான்கு நண்பர்களுக்கு ஆறு செஷன்களாக நடத்தி வருகிறீர்கள். போன வாரம் ஒரு நகரமன்றத்தின் ஆவண அறைக் கதவு பூட்டியிருந்தது. ரோக் (திருட்டு வேலையில் கைதேர்ந்த கேரக்டர்) பூட்டைத் திறக்கப் பார்த்தார், பகடை கைகொடுக்கவில்லை. திரும்ப முயன்றார். அப்புறம் ஃபைட்டர் (சண்டை வீரர்) தோளால் இடித்தார், விஸார்டும் (மந்திரவாதி) இடித்தார், மறுபடி ரோக். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அதற்குள் எல்லோருக்கும் சலித்துவிட்டது. ஸ்கில் செக், அதாவது கேரக்டரின் திறமையைச் சோதிக்கும் உருட்டல், எப்போது கேட்பது என்பதற்கு அளவுகோல் ஏதாவது உண்டா, ஆட்டக்காரர்களே "நான் பெர்செப்ஷன் போடறேன்" (கவனிக்கும் திறன்) என்று உருட்டிவிட்டால் என்ன செய்வது, நன்றாகப் பேசுகிறவரிடமும் பெர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும் திறன்) கேட்க வேண்டுமா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்.

அளவுகோல் உண்டு. பகடையைக் கேட்பதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது தவறினால் அடுத்து என்ன நடக்கும்? பதில் தயாராக இருந்தால் உருட்டச் சொல்லுங்கள். "ஒன்றும் நடக்காது, கதவு அப்படியே இருக்கும்" என்பதுதான் பதில் என்றால் பகடையைத் தொட வேண்டாம். கதவைத் திறந்துவிடுங்கள், அல்லது இந்தப் பூட்டு உங்கள் கருவிக்கு மசியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பத்து வருடத்துக்கு மேலாக டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) உட்காருகிறேன். இந்த ஒரு கேள்வி எனக்கு உதவிய அளவுக்கு வேறு எந்த விதியும் உதவியதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேட்டிலேயே இருக்கிறது. தவறவே வழியில்லாத சுலபமான காரியத்துக்கு உருட்ட வேண்டாம், எப்படியும் நடக்காத காரியத்துக்கும் வேண்டாம், தவறினால் பொருட்படுத்தத்தக்க விளைவு இருக்கும்போது மட்டும் கேளுங்கள் என்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை டிஎம் ஒருவர்தான் படிக்கிறார், அவரும் ஒரே ஒரு தடவை. கேரக்டர் ஷீட்டை, அதாவது தங்கள் கேரக்டரின் எண்கள் உள்ள தாளை, நான்கு பேரும் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதில் 18 ஸ்கில்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். பட்டன் கண்ணெதிரே இருந்தால் கை அழுத்தத்தான் போகும். உங்கள் நண்பர்கள் தப்பாக ஆடவில்லை, அந்தத் தாள் அவர்களை அப்படி ஆடச் சொல்கிறது.

உங்கள் கதவுக்கே வருவோம், அதில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ரோக் மூன்றாம் லெவல் என்று வைத்துக்கொள்வோம். டெக்ஸ்டெரிட்டி (கை லாவகம்) 16, பூட்டுத் திறக்கும் கருவிகளில் எக்ஸ்பர்ட்டீஸ் (தனித் தேர்ச்சி), ஆக மொத்தம் பகடையில் விழுவதோடு கூட்டல் 7. பூட்டின் டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 15. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 65 சதவீதம். தவறினால் எதுவும் ஆகாது, திரும்ப முயலலாம் என்று விட்டுவிட்டால் இரண்டு முயற்சிக்குள் திறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம். மூன்றுக்குள் என்றால் 96-ஐ நெருங்கும். கதவு திறக்கப்போவது உறுதி, எத்தனை தடவை கையை ஆட்டிய பிறகு என்பது மட்டும்தான் தெரியாது. தாயக்கட்டை ஆட்டத்தில் தாயம் விழாமல் காய் இறங்காது. அங்கே காத்திருப்பதே ஆட்டத்தின் ஒரு பகுதி, எதிராளி அதற்குள் முன்னேறிக்கொண்டிருப்பார். உங்கள் கதவுக்கு முன்னால் எதிராளி யாரும் இல்லை. நான்கு பேரும் தாயத்துக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் பழசு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கென்றே இரண்டு விதிகள் வைத்திருந்தது. அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது உருட்டாமலே 10 விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். தவறினாலும் கேடு இல்லை, நேரமும் இருக்கிறது என்றால் இருபது மடங்கு நேரம் செலவழித்து 20 விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பெயர்கள் போய்விட்டன, எண்ணம் போகவில்லை. பத்து மடங்கு நேரம் செலவழிக்கும் கேரக்டர் தன்னால் முடிகிற காரியத்தை முடித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையேடு சொல்கிறது. ஆக, பகடையின் இடத்தில் நேரம் வந்து உட்கார்கிறது. அப்படியானால் டிஎம் பார்க்க வேண்டியது அந்த நேரத்துக்கு ஏதாவது விலை இருக்கிறதா என்று.

ஆவண அறை வாசலில் நேரத்துக்கு விலை இருந்ததா? காவலாளி யாராவது சுற்றி வருகிறாரா? வந்தால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை? கையில் இருப்பது ஒரே ஒரு மெழுகுவர்த்திதானா? விடிந்ததும் குமாஸ்தா வந்துவிடுவாரா? இப்படி ஒன்று இருந்தால் ஒரே ஒரு உருட்டல், அதோடு சரி. வெற்றி என்றால் காவலாளி மூலை திரும்புவதற்குள் உள்ளே போய்விடுகிறார்கள். தவறினால் பூட்டு திறக்கிற அதே நொடியில் விளக்கு வெளிச்சம் மூலைச் சுவரில் விழுகிறது. தவறினாலும் கதவைத் திறக்க விட்டேன், கவனித்தீர்களா? ரோக் திறமைசாலி, பூட்டு சாதாரணப் பூட்டு. அவர் சொதப்பிவிட்டதாகச் சொல்வதைவிட, நேரம் பிடித்துவிட்டது என்று சொல்வது அந்தக் கேரக்டருக்கு நியாயமாக இருக்கிறது, கதையும் ஓர் அடி முன்னால் போகிறது.

காவலாளியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை என்றால் "ரெண்டே நிமிஷம், பூட்டு திறந்துடுச்சு. உள்ளே பழைய தோல் அட்டை வாசனை வருது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் கூட்டிப்போய்விடுங்கள். அன்றைக்கு நீங்கள் உழைத்துத் தயாரித்தது அந்த அறையைத்தான், கதவை இல்லை.

அந்தக் காட்சியில் ஃபைட்டருக்கும் ஒரு சின்ன அநியாயம் நடந்தது. தோளால் இடிப்பதில் அவருக்குக் கூட்டல் 5 என்று வைத்துக்கொண்டால் டிசி 15-க்கு 55 சதவீதம். விஸார்டுக்குக் கழித்தல் 1, ஆக 25 சதவீதம். ஃபைட்டர் தவறி, அடுத்து விஸார்ட் ஜெயிக்கும் வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 11 சதவீதத்துக்கு மேல். ஒன்பதில் ஒரு தடவை இது நடக்கும். மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், ஃபைட்டரை ஆடுபவரும் சிரிப்பார். ஆனால் கடோத்கஜன் மாதிரி ஒருவரை உருவாக்கி வைத்திருந்த அவருக்கு, நோஞ்சான் விஸார்ட் தள்ளித் திறந்த கதவு மனதில் தங்கிவிடும். நான் ஒரே ஆளை இடிக்கச் சொல்வேன். இன்னொருவர் சேர்ந்து தள்ளினால் அட்வான்டேஜ். இரண்டு பகடையில் பெரியதை எடுத்துக்கொண்டால் ஃபைட்டரின் 55 சதவீதம் 80-ஐத் தொடுகிறது. அதோடு முடிந்தது, வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை உருட்டுவது இல்லை.

பர்னிங் வீல் என்ற ஆட்டம் இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறது. ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டல். சூழ்நிலை உண்மையிலேயே மாறும் வரை அந்த முடிவே நிற்கும். ஆட்டக்காரர் திரும்ப உருட்டக் கூடாது. அதைவிட முக்கியமாக, டிஎம்மும் திரும்ப உருட்டச் சொல்லக் கூடாது. இரண்டாவது பாதியைத்தான் நாம் அடிக்கடி மீறுகிறோம். ஒளிந்து போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் ஒரு ஸ்டெல்த், படிக்கட்டில் ஒன்று, தாழ்வாரத்தில் இன்னொன்று என்று கேட்டால், ஒரு தடவைக்கு 70 சதவீதம் வைத்திருப்பவர் மூன்றையும் தாண்டும் வாய்ப்பு 34 சதவீதம்தான். ஒரே இடத்தில் நான்கு பேரும் தனித்தனியாக உருட்டி, ஒருவர் தவறினாலும் மாட்டினோம் என்று வைத்தால் 24 சதவீதம். "இவங்க ஸ்டெல்த்தே ட்ரை பண்ண மாட்டேங்கறாங்க, நேரா சண்டைக்குப் போயிடறாங்க" என்று குறைப்படும் பல டிஎம்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தெரியாவிட்டாலும் ஆட்டக்காரர்களுக்கு அனுபவம் சொல்லிவிடுகிறது, இந்த வழியில் போனால் ஜெயிக்க முடியாது என்று. ஐந்தாம் பதிப்பில் குழுவாக உருட்டும் விதி இருக்கிறது: எல்லோரும் உருட்டி, பாதிப் பேராவது ஜெயித்தால் மொத்தக் குழுவுக்கும் வெற்றி. ஒளிந்து போவதற்கு நான் அதைத்தான் எடுக்கிறேன், கோட்டைக்கு ஒரே ஒரு தடவை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "நான் பெர்செப்ஷன் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே பகடை உருண்டுவிடுகிறது. கோபப்பட வேண்டாம், ஆர்வத்தில் செய்கிறார்கள். நான் இப்படிக் கேட்பேன்:

"இரு, பகடையைக் கையிலேயே வச்சுக்கோ. நீ என்ன பண்ற?"

"ரூம்ல ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்."

"எங்க பாக்கற? மேசை இருக்கு, அலமாரி இருக்கு, தரையில ஒரு கம்பளம் இருக்கு."

"மேசை. இழுப்பறையைத் திறந்து பாத்துட்டு, அடிப்பக்கமும் கைய விட்டுத் தடவறேன்."

இப்போது என் குறிப்பில் இருப்பது என்ன? சாவி மேசையின் அடிப்பக்கத்தில் மெழுகால் ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் சரியாக அங்கேயே கையை விட்டுவிட்டார். இதற்கு மேல் பகடை எதற்கு? "விரல்ல வழவழன்னு ஏதோ தட்டுது. மெழுகு. அதுக்குள்ள ஒரு சின்ன சாவி." அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். 17 விழுந்து சாவி கிடைத்தால் பகடை கண்டுபிடித்தது போல இருக்கும். இங்கே அவரே கண்டுபிடித்தார். இப்படி இரண்டு செஷன் கேட்டால் போதும், மூன்றாவது செஷனில் அவர்களே ஸ்கில் பெயரைச் சொல்லாமல் செய்வதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

1974-இல் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது ஆட்டம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. அதில் ஸ்கில் பட்டியலே கிடையாது. ரகசியக் கதவு தேடுவது, கதவில் காது வைத்துக் கேட்பது, அடைத்த கதவை இடிப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆறு முகப் பகடை இருந்தது. மற்றதெல்லாம் ஆட்டக்காரர் சொல்லுவார், நடத்துபவர் யோசித்து முடிவு சொல்லுவார். அடுத்த வருடம் வந்த கிரேஹாக் இணைப்பில் திருடன் கேரக்டர் வந்தது, பூட்டுத் திறக்கவும் ஒளியவும் சதவீதக் கணக்கோடு. 1977-இல் டிராவலர், 1978-இல் ரூன்குவெஸ்ட் என்று ஸ்கில்களையே முதுகெலும்பாகக் கொண்ட ஆட்டங்கள் வந்தன. பட்டியல் வந்ததில் பெரிய நன்மை உண்டு: நிஜத்தில் எனக்குப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் என் கேரக்டருக்குத் தெரியும் என்பதை அது காகிதத்தில் உறுதி செய்கிறது. பழைய முறைதான் உசத்தி என்று நான் சொல்லவில்லை. ஸ்கில் எண் ஆட்டக்காரருக்குக் கொடுத்த வாக்குறுதி. அவர் நன்றாக விவரித்தால் அந்த எண் தேவைப்படாமல் போகலாம். விவரிக்கத் தெரியாவிட்டால் எண் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். "மேசையைச் சுத்தி நல்லா தேடறேன்" என்று மட்டும் சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு, நேரத்துக்கு விலை இருந்தால் உருட்டச் சொல்லுங்கள்.

துப்பறியும் கதைகளில் இன்னும் கவனம் வேண்டும். என் ஆரம்ப நாட்களில் கால் ஆஃப் கத்துலு நடத்தினேன், 1 முதல் 100 வரை விழும் சதவீதப் பகடையில் ஸ்கில் பார்க்கும் ஆட்டம், முதலில் 1981-இல் வந்தது. செத்துப்போன பேராசிரியரின் படிப்பறையில் ஒரு கடிதம், அதில் அடுத்துப் போக வேண்டிய வீட்டின் முகவரி. நான்கு பேரும் தேடினார்கள், நான்கு பேருக்கும் பகடை தவறியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் வேலைக்காரப் பெண் ஒருத்தியை வரவழைத்து, கடிதத்தைத் தானாக எடுத்துக் கொடுக்க வைத்தேன். மேசையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இவ்வளவு நேரம் உருட்டியதற்கு அர்த்தமே இல்லை என்று. அதற்கு அப்புறம் நாலு மணி நேரம் ஆட்டம் போனது, ஆனால் யாரும் பகடையை நம்பி உருட்டவில்லை.

இதே பிரச்சினையை நேராக எடுத்துக்கொண்டு 2007-இல் ராபின் லாஸ் கம்ஷூ என்ற முறையை உருவாக்கினார், எசோடெரரிஸ்ட்ஸ் ஆட்டத்தோடு அது வந்தது. அதில் தடயம் கிடைக்குமா கிடைக்காதா என்று உருட்டுவதே இல்லை. பொருத்தமான ஸ்கில் உள்ளவர் பொருத்தமான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும். கிடைத்த தடயங்களை வைத்து என்ன புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். நீங்கள் வேறு ஆட்டத்துக்கு மாற வேண்டியதில்லை, இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கதை நகர எது கட்டாயம் தேவையோ அதைப் பகடைக்குப் பின்னால் வைக்காதீர்கள். கடிதம் கிடைத்துவிடும். உருட்டச் சொல்ல ஆசை என்றால் அதற்கு மேல் இருப்பதற்கு உருட்டச் சொல்லுங்கள்: கடிதத்தின் மை இன்னும் முழுதாகக் காயவில்லை என்பது கண்ணில் பட்டதா, தேடிய தடம் தெரியாமல் அறையைப் பழையபடி வைக்க முடிந்ததா.

அறிவு சம்பந்தப்பட்ட செக்குகளை நான் ஏறக்குறைய விட்டேவிட்டேன். கிளெரிக் (பூசாரிக் கேரக்டர்) தன் சொந்தக் கோயிலின் சடங்கைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் ரிலிஜன் செக் கேட்கிறீர்கள், 4 விழுகிறது, "உனக்குத் தெரியலை" என்கிறீர்கள். பத்து வருடம் அந்தச் சந்நிதியில் நின்றவருக்கு அது தெரியாமல் இருக்குமா? கேரக்டரின் பின்னணி பார்த்து, தெரிந்திருக்கும் என்று பட்டால் சொல்லிவிடுங்கள். தகவல் உங்கள் குறிப்பேட்டில் கிடந்து யாருக்கு என்ன லாபம்?

மறைந்திருக்கும் ஆளையோ பொறியையோ கவனிக்கிறார்களா என்பதற்கு ஐந்தாம் பதிப்பில் பாசிவ் பெர்செப்ஷன் இருக்கிறது: 10-உடன் அவரவர் பெர்செப்ஷன் எண்ணைக் கூட்டிக்கொள்வது. நால்வரின் எண்ணையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி என் பக்கம் வைத்திருப்பேன். "எல்லாரும் பெர்செப்ஷன் போடுங்க" என்று சொன்ன மாத்திரத்தில் இங்கே ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அட்டை அதைக் காட்டிக்கொடுக்காது. அதோடு, ஆளுக்கு 40 சதவீதம்தான் என்றாலும் நான்கு பேர் உருட்டினால் யாராவது ஒருவருக்கு விழும் வாய்ப்பு 87 சதவீதம். எல்லோரையும் உருட்டச் சொன்னால் அநேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. நன்றாகப் பேசுகிறவரிடம் பெர்சுவேஷன் கேட்கலாமா? நான் பேச்சின் அழகைக் கணக்கில் எடுப்பதில்லை, பேச்சில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். வாசலில் நிற்கும் காவலாளியிடம் என்ன கேட்கிறார், பதிலுக்கு என்ன தருகிறார், அந்தக் காவலாளிக்கு நிஜமாக என்ன வேண்டும். காவலாளியின் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று என் குறிப்பில் இருக்கிறது. கிளெரிக் அதைக் கேட்டறிந்து, "குழந்தையை நான் பார்க்கிறேன், எங்களை உள்ளே விடு" என்றால் பகடையே வேண்டாம், கதவு திறந்துவிட்டது. ஒன்றும் தராமல் "உன் பிரபுவைக் காட்டிக்கொடு" என்று கேட்டால் அதற்கும் பகடை வேண்டாம், நடக்காது. இரண்டுக்கும் நடுவே, அவன் தயங்குகிறான், எந்தப் பக்கம் சாய்வான் என்று எனக்கே தெரியவில்லை என்றால் அப்போது உருட்டச் சொல்கிறேன்.

இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மை, கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தப்பிக்கிறார்கள். என் மேசையில் ஒருவர் பார்ட் (பாணர் கேரக்டர்) ஆடினார். நிஜத்தில் அதிகம் பேச மாட்டார், நடித்துப் பேசச் சொன்னால் முகம் சிவந்துவிடும். "அவளோட அண்ணனைப் பத்தி ஞாபகப்படுத்தறேன், அவன் உயிரோட இருந்திருந்தா இதைத்தான் செய்வான்னு சொல்றேன்" என்று ஒரே வரியில் சொன்னார். எவ்வளவு நல்ல வாதம்! அதைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லவில்லை என்பதற்காக நான் எண்ணைக் குறைத்திருந்தால் அது பெரிய தப்பாகியிருக்கும். ஃபைட்டரை ஆடுபவரிடம் நாம் தண்டால் எடுத்துக் காட்டச் சொல்வதில்லை. அதேபோல, மேடைப் பேச்சாளர் மாதிரி இரண்டு நிமிடம் பொழிகிறவர் பேச்சில் காவலாளிக்கு ஒன்றுமே இல்லை என்றால், கைதட்டிவிட்டு உருட்டச் சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

இங்கே நேச்சுரல் 20, அதாவது பகடையிலேயே 20 விழுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 விதிப்படி தாக்குதலுக்குத்தான் 20 விழுந்தால் தானாக வெற்றி, ஸ்கில் செக்குக்கு அப்படி இல்லை. ஆனால் மேசையில் 20 விழுந்ததும் எல்லோரும் எழுந்து கத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் "ராஜா சிரிக்கிறார், ஆனா சிம்மாசனத்தைத் தர மாட்டார்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எனவே 20 விழுந்தாலும் நடக்காது என்று தெரிந்த காரியத்துக்குப் பகடையைக் கேட்காதீர்கள். உருட்டச் சொல்வதே "இது நடக்கலாம்" என்று நீங்கள் ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

உருட்டச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்த பிறகு ஒன்று செய்யுங்கள்: என்ன பணயம் என்று முதலில் சொல்லுங்கள். "தாண்டலாம், டிசி 15. தவறினா விழ மாட்டே, விளிம்பைப் பிடிச்சுத் தொங்குவே, ஆனா வாள் கீழ போயிடும். தாண்டறியா?" 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது, உருட்டும் முன் நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, உயிர் போகிற ஆபத்தா என்று நடத்துபவர் சொல்லியாக வேண்டும். சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் நேர்மாறு. வாளை இழக்கத் தயாரா என்று ஒருவர் பத்து விநாடி யோசிக்கும்போது மேசையே அமைதியாகிறது. சில சமயம் "வேணாம், கயிறு கட்டி இறங்கறேன்" என்பார். அதுவும் நல்ல ஆட்டம்தான். கேரக்டரின் கண்ணுக்குப் பள்ளம் தெரிகிறது, ஆடுபவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

இதில் உங்களுக்கே ஒரு பரிசோதனையும் இருக்கிறது. தவறினால் என்ன என்று வாய்விட்டுச் சொல்ல முயலும்போது வார்த்தை வரவில்லை என்றால், அந்த உருட்டல் தேவையில்லை.

தவறுவதை "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லாக விடாமல் பார்ப்பதற்கு அபோகலிப்ஸ் வேர்ல்ட் நல்ல பள்ளிக்கூடம், 2010-இல் வந்தது. இரண்டு ஆறு முகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றி ஆனால் ஒரு விலையோடு, 6 அல்லது அதற்குக் கீழ் நடத்துபவர் கை ஓங்கும். கூட்டல் எதுவும் இல்லாதவருக்கு நடுப்பகுதி மட்டுமே 42 சதவீதம் வருகிறது, ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் கையேட்டிலும் விருப்ப விதியாக இதன் சாயல் உண்டு: ஒன்று இரண்டு எண்ணில் தவறினால் விலை கொடுத்து ஜெயிக்கலாம். நான் அதை எப்போதும் பயன்படுத்துகிறேன். மொத்தம் 14 வந்து 15-ஐத் தவறவிட்டவரிடம் "பூட்டு திறந்துடும், ஆனா ஊசி உள்ளயே உடைஞ்சுடும். சரியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால் பகடையைப் பூட்டி வைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பகடையைக் கையில் குலுக்குவது ஒரு சந்தோஷம். முதல் தடவை ஆட வருகிறவருக்கு, அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் அதற்காகத்தான் வர ஆசை. முதல் பத்து நிமிடத்துக்குள் அவர்களை ஒரு தடவையாவது உருட்ட வைப்பேன்: சத்திரத்தில் யார் கை ஓங்கும் என்று ஒரு கைமல்யுத்தப் போட்டி, தோற்றவர் சாப்பாட்டுக் காசு கொடுக்க வேண்டும். சின்னதுதான், ஆனால் பணயம் இருக்கிறது. சண்டைக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு தவறலும் எதிரிக்கு ஒரு முறை கொடுத்துவிடுகிறது, விளைவு விதியிலேயே இருக்கிறது.

அடுத்த செஷனுக்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள், இது முக்கியம். இப்படி மாற்றப்போவதை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள், முதலில் ரோக் ஆடுபவரிடம். அவர் எக்ஸ்பர்ட்டீஸைப் பூட்டுக் கருவிகளில் போட்டது உருட்டி ஜெயிப்பதற்காக. திடீரென்று உருட்டலே குறைந்தால், வீணாகப் போட்டுவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றும். "உன் எண் 7-ங்கறதாலதான் சாதாரணப் பூட்டுக்கெல்லாம் இனிமே உன்னை உருட்டச் சொல்ல மாட்டேன், போய் நின்னாலே திறந்துடும். மத்தவங்க போனா உருட்டணும். உன்னை நான் உருட்டச் சொன்னா, அந்தப் பூட்டு நிஜமாவே மோசமானதுன்னு தெரிஞ்சுக்கோ" என்று சொல்லுங்கள்.